க்ளிக் நிற்கும்வரை

என் புருஷன் பூச்சிகளைப் படமெடுப்பவன். குளவியின் முகத்தைச் சுவரளவு பெரிதாக்கினாலும் ஒவ்வொரு மயிரும் துல்லியமாகத் தெரிய வேண்டும் அவனுக்கு. அதற்காகக் கேமரா சின்னத் தண்டவாளம் ஒன்றில் இம்மி இம்மியாக நகர்ந்து நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கும். எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் ஒன்றாக்கும். நடுவில் யாராவது நடந்து தரை அதிர்ந்தால் அத்தனையும் பாழ். அந்த யாராவது, வீட்டில் நான் ஒருத்திதான்.

அன்று காலை என் கையிலிருந்து கரண்டி நழுவி விழுந்தது. படமெடுக்க ஊசி முனையில் ஒட்டியிருந்த செத்த குளவியை ஆத்திரத்தில் நசுக்கி எறிந்துவிட்டுச் சமையலறைக்கு வந்தான். என் தலைமுடியைப் பிடித்து முகத்தை மேடையில் மோதினான். வாயெல்லாம் ரத்தம். பல் ஒன்று ஆடியது.

"கேமரா ஓடுறப்ப மூச்சு விடக் கூடாதுன்னு சொன்னேன்ல? வந்து என் கண்ணு முன்னாடி நில்லுடி. க்ளிக் சத்தம் நிக்கிறதுக்குள்ள அசைஞ்சே, கொன்னுடுவேன்."

தரதரவென்று இழுத்துப்போய் மேசையருகே நிறுத்தினான். ஃப்ரீசரிலிருந்து வேறு குளவியை எடுத்தான். வழக்கமாகக் குளவி நன்றாகச் சாகட்டும் என்று ஒரு ராத்திரி முழுக்க உறையவிடுவான். அன்று பொறுமை ஏது? சற்றுமுன் பிடித்துப் போட்டதையே எடுத்து ஊசி முனையில் பசை வைத்து ஒட்டினான். விளக்குகளைப் போட்டுக் கேமராவை ஓடவிட்டான்.

விளக்குச் சூட்டில் குளவியின் மீசை துடித்தது. பார்த்தேன். சொல்லவில்லை.

எதையோ சரிபார்க்கக் குனிந்தான். ஒரு காலை ஊசியிலேயே பிய்த்து விட்டுவிட்டு எழும்பிய குளவி அவன் கழுத்தில் கொட்டியது. அறைந்து கொன்றான். ஆனால் அவன் உடம்புக்குக் குளவி விஷம் ஆகாது. போன தடவை கொட்டியபோதே செத்துப் பிழைத்தவன். அவசரத்துக்கென்று டாக்டர் கொடுத்த ஊசி என் முதுகுக்குப் பின்னால் டிராயரில் இருந்தது.

உதடு வீங்கியது. தொண்டை அடைத்தது. நாற்காலியோடு சரிந்து விழுந்தான்.

"ஊசி... எடுடி..."

க்ளிக். க்ளிக். ஒற்றைக் காலைப் படமெடுத்துக்கொண்டிருந்தது கேமரா.

"இன்னும் ஓடுதுங்க," என்றேன்.

கண்கள் பிதுங்க என்னைப் பார்த்தான். எனக்குப் பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. குதிகால்களால் தரையை உதைத்தான். அப்பப்பா, என்ன அதிர்வு! அதில் பாதி நான் செய்திருந்தால் தொலைந்தேன்.

பிறகு உதை நின்றது. கடைசிப் படங்களாவது ஆடாமல் விழுந்திருக்கும்.

க்ளிக் சத்தமும் நின்றபின் டிராயரைத் திறந்தேன்.