ஒற்றை இருக்கை

திருகு என்பது அவளுடைய பெயர் இல்லை. நடக்கத் தொடங்கிய வயதிலேயே ரேடியோ, கடிகாரம், கதவுத் தாழ்ப்பாள் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் கழற்றிப் போட்டதால் அண்ணன் வைத்த பட்டப்பெயர். கழற்றியதைத் திரும்ப மாட்டக் கற்றுக்கொண்டது வெகுகாலம் கழித்துத்தான். இப்போது அவளுக்குப் பகலில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை, மாலையில் எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பு. எந்த வேலையையும் மூன்று முறை சரிபார்ப்பாள். மூன்றாம் முறையும் சரியாக இருந்தால், தான் சரிபார்த்த விதத்தில்தான் ஏதோ கோளாறு என்று சந்தேகப்படுவாள்.

அப்படிப்பட்டவள் வீட்டுக்குள் ஒரு விமானத்தைக் கட்டத் துணிந்ததற்கு அண்ணிதான் காரணம்.

அண்ணி விமானி ஆவதற்குப் படித்துக்கொண்டிருந்தாள். சின்ன விமானங்களை ஓட்டித் தேறி, இரண்டு எஞ்சின் கொண்ட பெரிய விமானத்துக்கான பயிற்சியில் இருந்தாள். அந்தப் பயிற்சியின் கடைசித் தேர்வு பொம்மை விமானத்தில் நடக்கும். பெட்டி போன்ற ஓர் அறை. உள்ளே எல்லாம் நிஜ விமானம்போல. வெளியே மட்டும் வானத்துக்குப் பதில் திரை. அந்தத் தேர்வில் அண்ணி கோட்டைவிட்டுவிட்டாள். இன்னொரு வாய்ப்பு உண்டு, அடுத்த மாதம். அதிலும் தவறினால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பயிற்சிக்கூடத்துப் பொம்மை விமானத்தில் உட்கார முறை வைத்து இடம் கொடுத்தார்கள். மற்ற நேரங்களில் அண்ணி, படுக்கையறைச் சுவரில் விமானத்து சுவிட்ச் பலகையின் படங்களை ஒட்டிவைத்து, முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காகிதத்தைத் தொட்டுத் தொட்டுப் பழகினாள்.

"தூக்கத்துல என் மூக்கைப் பிடிச்சுத் திருகறா. கேட்டா சக்கரத்தை இறக்கறாளாம்" என்றான் அண்ணன். அவன் ஒரு சோபா கடையில் வேலை பார்த்தான். எதையும் சாய்ந்துகொண்டுதான் சொல்வான்.

திருகு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். அவளை ஒரே கேள்வி குடைந்தது.

"அண்ணி, காகிதத்தை அமுக்கினா அமுங்காதே. சரியா அமுக்கினீங்களான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாதுடி. அதான் தொல்லையே."

அன்றைக்கே திருகு, குளியலறையை ஒட்டியிருந்த சாமான் அறையை அளந்தாள். ஒரு நாற்காலி, அதன் முன்னால் ஒரு பலகை, தலைக்கு மேல் ஒரு பலகை. அதற்குமேல் ஒரு துடைப்பம்கூட நிற்காது. போதும் என்று நினைத்தாள். உட்காரப்போவது ஒருத்திதானே.

அண்ணன் கடையிலிருந்து ஒட்டுப்பலகையும் கை உடைந்த ஒரு சாய்வு நாற்காலியும் வந்தன. பழைய லிஃப்ட்களைக் கழற்றும்போது தூக்கிப்போடுகிற பொத்தான்களையும் சுவிட்சுகளையும் மேலாளரிடம் சொல்லிவிட்டு அள்ளி வந்தாள். மேசை இழுப்பறை ஓடும் தண்டவாளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தியதும் விமானத்தை ஏற்றி இறக்கும் கைப்பிடி தயார். எந்த சுவிட்ச் அசைந்தது என்று கணினிக்குச் சொல்லும் சின்ன மின்பலகையை வகுப்பில் கற்றபடியே அமைத்தாள். ஒரு கம்பி, ஒரு சோதனை. அடுத்த கம்பி, அடுத்த சோதனை. விமானம் ஓட்டும் மென்பொருளும் மூன்று பழைய திரைகளும் சேர்ந்ததும் சாமான் அறையின் ஜன்னலில்லாச் சுவரில் ஓர் ஓடுபாதை நீண்டு கிடந்தது.

முதல் நாள் அண்ணி உள்ளே போனாள். தலைக்கு மேலிருந்த பலகையை அண்ணாந்து பார்த்தாள்.

"திருகு, இது என்னடி சர்க்கஸ் கூடாரமா? தலைக்கு மேல எல்லா விளக்கும் எரியுது."

"எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம் அண்ணி. பம்பு ஓடுது, பச்சை. கரண்ட் வருது, பச்சை."

"விமானத்துல தலைகீழ். எல்லாம் நல்லா இருந்தா மேல ஒரே இருட்டா இருக்கும். ஏதாவது ஒண்ணு எரிஞ்சா அதைப் பாருன்னு அர்த்தம். நீ எல்லாத்தையும் எரியவிட்டா நான் எதைடி பார்ப்பேன்?"

லிஃப்டில் பொத்தான் எரிந்தால்தான் ஆளுக்கு நிம்மதி. நம்மைக் கவனித்துவிட்டது, வருகிறது என்று பொருள். அந்தப் பழக்கத்தில் திருகு அத்தனை விளக்கையும் மாற்றிக் கொடுத்திருந்தாள். அசடு வழிந்தபடி எல்லாவற்றையும் பிரித்து மறுபடி இணைத்தாள். ஆனால் அவளுக்கு அந்த இருட்டுப் பலகை பிடித்துப்போயிற்று. நன்றாக இருப்பதை யாரும் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை என்று நினைத்த ஓர் இயந்திரம். யார் முதலில் இப்படி யோசித்திருப்பார்கள் என்று லிஃப்ட் குழிக்குள் நிற்கும்போதுகூட யோசித்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் பயிற்சி சூடுபிடித்தது. தேர்வில் அண்ணியைக் கவிழ்த்த இடம் ஒன்றே ஒன்றுதான். பறந்துகொண்டிருக்கும்போது ஓர் எஞ்சினில் தீப்பிடிக்கும். இடது எஞ்சினுக்கு ஒரு சிவப்பு விளக்கு, வலதுக்கு ஒன்று. எரிகிற விளக்கைப் பார்த்து, அந்த எஞ்சினுக்குப் போகும் எரிபொருளை நிறுத்த வேண்டும். தேர்வன்று வலது எஞ்சினில் தீ. அண்ணியின் கை இடது சுவிட்சை நிறுத்திவிட்டது. தீப்பிடித்தது ஒன்று, நின்றது நல்ல எஞ்சின்.

"பதற்றத்துல கை தடுமாறிடுச்சு. இன்னும் வேகமாப் பழகணும். யோசிக்கவே கூடாது, கை தானாப் போகணும்" என்றாள் அண்ணி.

திருகு வெளியே மடிக்கணினியோடு உட்கார்ந்து, சொல்லாமல் கொள்ளாமல் ஓர் எஞ்சினைக் கொளுத்துவாள். உள்ளே சுவிட்ச் 'டக்' என்று விழும். நாளுக்கு நாள் அந்த 'டக்' சீக்கிரம் கேட்டது. தான் கட்டியது வேலை செய்கிறது என்று திருகு முதல்முறையாகத் தன்னையே கொஞ்சம் நம்பினாள். அந்த நம்பிக்கைக்கு ஆயுசு கம்மி.

அண்ணியின் கை எவ்வளவு வேகமானதோ, அவ்வளவுக்குத் தவறான சுவிட்சும் விழுந்தது. தொடர்ந்து வலது எஞ்சினைக் கொளுத்திவிட்டு, திடீரென்று இடதைக் கொளுத்தினால் கை வலதுக்கே போனது. விளக்கு முழுதாக எரிவதற்குள் கை வேலையை முடித்துவிட்டிருந்தது. அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை" என்பாள்.

தன் கம்பிதான் இடம் மாறியிருக்கும் என்று திருகு முடிவே கட்டினாள். பலகையைக் கழற்றி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். இடது இடதாகவும் வலது வலதாகவும் இருந்தன. மறுபடி பார்த்தாள். கம்பியில் தப்பு இல்லையென்றால் தப்பு எங்கே? பெரிய படிப்புப் படித்தவளிடம், விமானத்தில் ஒருமுறைகூட ஏறாதவள் போய் 'நீங்கள் வேகமாகிறீர்கள், ஆனால் மோசமாகிறீர்கள்' என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் விழுங்கிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா சமையலறை முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"நானும் உக்காந்து பார்க்கணும். வீட்டுக்குள்ள விமானம் இருக்கு, எனக்கு மட்டும் டிக்கெட் இல்லையா?"

"இடம் இல்லம்மா. நீ எங்க உக்காருவ?"

"ஒடுங்கி உக்காருவேன். பஸ்ல உக்காரல?"

அம்மா பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். யார் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்ளாமல் விடமாட்டாள். 'வியாழன் மாலை, கீழ்க் கடைவாய், வலது பக்கம், சரிதானே?' என்று கேட்டுக் கேட்டு, வீட்டிலும் அதே பழக்கம். வெங்காயம் வாங்கி வா என்றால்கூட, "வெங்காயம், பெரியது, சரிதானே?" என்பாள். அண்ணன் அவளை 'எதிரொலி' என்பான்.

அம்மா, நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் முக்காலியைச் செருகி உட்கார்ந்தாள். அவளுக்கு முன்னால் பலகை ஏதும் இல்லை, வெறும் சுவர்தான். ஆனால் கழுத்தை நீட்டினால் எல்லா விளக்கும் தெரிந்தது. திருகு அறை வாசலிலேயே மடிக்கணினியை வைத்துக்கொண்டு வலது எஞ்சினைக் கொளுத்தினாள். சிவப்பு எரிந்தது.

"ஐயோ, என்னம்மா இது?" என்றாள் அம்மா.

"எஞ்சின்ல தீ, அத்தை. இடது எஞ்சினை நிறுத்தணும்" என்று சொல்லியபடியே அண்ணி கையை நீட்டினாள்.

"இடது எஞ்சின், நிறுத்தணும், சரிதானே?" என்றது அம்மாவின் வாய் தன்பாட்டில். பிறகு, "ஆனா இங்க வலதுன்னு போட்டிருக்கிற விளக்குதானே எரியுது?"

அண்ணியின் கை சுவிட்சுக்கு மேலே அப்படியே நின்றது.

திருகு அந்தக் கையையே பார்த்தாள். இத்தனை நாளில் அது நின்று அவள் பார்த்ததே இல்லை.

அண்ணி மெல்லக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் விமானம் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தது. மற்றொரு கையால் நிமிர்த்தினாள். பிறகு வலது சுவிட்சை நிறுத்தினாள்.

"நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனாம்மா?" என்றாள் அம்மா.

"இல்ல அத்தை."

திருகு மடிக்கணினியை மூடினாள். "அண்ணி, தேர்வுல உங்க பக்கத்துல யாராவது இருந்தாங்களா?"

"இருந்தாரு. ரெண்டு பேர்தான் எப்பவும்." அண்ணி திரும்பவில்லை. "தேர்வு முடிஞ்சதும், பின்னால உக்காந்து மார்க் போட்ட பெரியவர் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. பக்கத்துல ஒருத்தர் உக்காந்திருந்தாரே, அவர்கிட்ட ஏன் கேக்கலைன்னு. சுவிட்சைத் தொடறதுக்கு முன்னாடி வாய்விட்டுச் சொல்லணும், அவர் பார்த்துட்டு ஆமாம்னு சொல்லணும். அதான் முறை. எனக்குத் தெரியாததா? வேகமா இருந்திருந்தா அதுக்கும் நேரம் இருந்திருக்கும்னு நினைச்சேன்."

"நான் ஒரு நாற்காலிதான் போட்டேன்" என்றாள் திருகு. தனியாக வேலை பார்த்ததற்காகத் தோற்றவளுக்கு, இன்னும் வேகமாகத் தனியாக வேலை பார்க்க ஓர் அறை கட்டிக் கொடுத்திருக்கிறாள். கம்பியெல்லாம் சரி. அறையே தப்பு.

"நீ என்னடி பண்ணுவ? நானும்தானே அளவு பார்த்துச் சரின்னேன்" என்றாள் அண்ணி.

மறுநாள் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, சாமான் அறைக்கும் கூடத்துக்கும் நடுவிலிருந்த மரத்தடுப்பைத் திருகு கழற்றினாள். கூடத்தின் கால்வாசியை விமானம் விழுங்கியது. அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் என் கட்டிலும் பறக்குமா?" என்று கேட்டான். ஆனாலும் கடையிலிருந்து இன்னொரு நாற்காலி கொண்டுவந்தது அவன்தான்.

முதலில் திருகுதான் அதில் உட்கார்ந்து பார்த்தாள். சரிப்படவில்லை. அண்ணி எதைச் சொன்னாலும் அவளுக்குச் சந்தேகம். பதில் சொல்வதற்குள் விமானம் மலையில் மோதியது.

"நீ எழுந்திருடி" என்றாள் அண்ணி. "அத்தை, வாங்க."

அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் அம்மா வேலையிலிருந்து வந்ததும் கால் கழுவிவிட்டு வலது நாற்காலியில் ஏறிக்கொள்வாள். எஞ்சின் என்றால் என்னவென்று அவள் கடைசிவரை கேட்டுக்கொள்ளவில்லை. இடம், வலம், சிவப்பு, இவ்வளவுதான் வேண்டும் என்றாள். தொடக்கத்தில் அண்ணிக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. கை முன்னால் ஓடும், அம்மா அந்தக் கையிலேயே ஒரு தட்டுத் தட்டுவாள்.

"இரு. இன்னும் நான் பார்க்கல."

"தீப்பிடிச்சிருக்கு அத்தை."

"பிடிக்கட்டும். எதுலன்னு சொல்லு."

'டக்' சத்தம் தாமதமாக விழத் தொடங்கியது. திருகுக்கு அதைக் கேட்கக் கேட்கச் சந்தேகம் முளைத்தது. இவ்வளவு மெதுவாகப் போனால் தேர்வில் நேரம் போதுமா? தான் மறுபடியும் தப்பான ஒன்றைத்தான் கட்டியிருக்கிறோமா? ஆனால் தவறான சுவிட்ச் மட்டும் விழவே இல்லை.

தேர்வு நாளன்று அண்ணி வீடு திரும்பியபோது அம்மாவும் திருகும் கூடத்தில் ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி செருப்பைக் கழற்றினாள், தண்ணீர் குடித்தாள்.

"தேறிட்டேன்."

"தேறிட்ட, சரிதானே?" என்று கேட்டு அம்மா அவள் கன்னத்தை வழித்துக்கொண்டாள்.

திருகுக்கு அது போதவில்லை. "தீ வந்துச்சா? எதுல?"

"இடது. பக்கத்துல புதுப் பையன். நான் சொன்னதும் பயந்துபோய் விளக்கைப் பார்த்தான், சுவிட்சைப் பார்த்தான், திரும்ப விளக்கைப் பார்த்தான். வாயே திறக்கல."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"அவன் சொல்றவரைக்கும் கையை மடியில வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தேன்."

"அவ்வளவு நேரமுமா? அதுக்குள்ள ஒண்ணும் ஆகலையா?"

அண்ணி யோசித்தாள், அப்போதுதான் அவளுக்கே அது வியப்பாகப் பட்டதுபோல இருந்தது.

"இல்லடி. பறந்துகிட்டுத்தான் இருந்துச்சு."