மேசைப்பந்து அறையில் ஒரு கைகலப்பு

ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்தவர் அவர். ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும், வீட்டு வாசலில் யாராவது மணி அடித்தால்கூட வாயில் முதலில் வருவது "ஹலோ"தான். அதனால் ஓய்வு பெற்றோர் மன்றத்தில் அவருக்குப் பெயரே ஹலோக்கா.

மன்றம் இரண்டு மாடிக் கட்டடம். கீழே கணினி வகுப்பு, ஓவிய வகுப்பு, பத்திரிகை படிக்கும் கூடம். மாடியில் மேசைப்பந்து அறை. ஹலோக்கா வாரத்தில் ஐந்து நாள் அந்த மாடியில்தான் இருப்பார். பாதி ஆட்டத்தை மட்டையால் ஆடுவார், மீதியை வாயால். "ஐயையோ, இந்தப் பந்தை விட்டுட்டீங்களே", "இப்ப இடது பக்கம் போடப் போறேன், பாத்துக்கோங்க" என்று அவர் அடுக்கிக்கொண்டே போவதில் எதிராளிக்குப் புத்தி கலங்கிவிடும். இரண்டு வருஷமாக அங்கே அவரை யாரும் ஜெயித்ததில்லை.

அப்படியிருக்கையில்தான் அந்தப் புதிய உறுப்பினர் வந்தார். துணி ஆலையில் மாதிரி உடுப்புகள் தைத்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உடம்பு, கூர்மையான பார்வை. பிறவியிலிருந்தே காது கேட்காது. எல்லோரும் தையலக்கா என்றார்கள்; அவர் அதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு தலையாட்டினார்.

ஹலோக்கா வழக்கம்போல வாயைத் திறந்து ஆட்டத்தைத் தொடங்கினார். எதிரில் ஒரு சலனமும் இல்லை. வருஷக்கணக்காக வேலை செய்த ஆயுதம் அன்றைக்குப் பிசுபிசுத்துப் போனது. தையலக்கா பந்தை மட்டும் பார்த்தார்; ஊசியில் நூல் கோர்ப்பவரைப் போலப் பார்த்தார். ஒன்பதுக்குப் பத்து என்று தையலக்கா முன்னிலையில் இருந்தபோது, ஹலோக்கா அடித்த பந்து மேசையின் விளிம்பை உரசிக்கொண்டு கீழே விழுந்து, அலமாரிக்கு அடியில் உருண்டோடியது. விளிம்பில் பட்டால் புள்ளி உண்டு. "டிக்" என்ற அந்தச் சின்னச் சத்தம் ஹலோக்காவின் காதில் தெளிவாக விழுந்தது.

"பட்டுச்சு! விளிம்புல பட்டுச்சு! அண்ணே, நீங்க பாத்தீங்கல்ல?" என்று பக்கத்தில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த ஓய்வு பெற்ற பிளம்பரிடம் திரும்பினார்.

பிளம்பர் அதற்குள் பந்தைத் தேடி அலமாரிக்கு அடியில் தலையை விட்டிருந்தார். "நான் எதையும் பாக்கலம்மா. இங்க ஒரே தூசியா இருக்கு" என்றது அவர் குரல்.

ஹலோக்கா மேசைப் பக்கம் திரும்பியபோது தையலக்காவின் கைகள் எதையோ சொல்லி முடித்துக்கொண்டிருந்தன. கடைசிச் சைகை மட்டும் கண்ணில் பட்டது. உள்ளங்கையை விரித்து அவரை நோக்கி ஒரு தள்ளு. 'போ' என்கிறாள்! அதுவும் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்! ஹலோக்கா மட்டையை மேசைமேல் போட்டுவிட்டு விறுவிறுவென்று படியிறங்கிவிட்டார்.

வீட்டில் அவர் கணவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். நில அளவைத் துறையில் இருந்தவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

"பொய் ஆட்டம் ஆடிட்டு என்னையே போன்னு சொல்றா. வந்த கோபத்துல நாலு கேள்வி நல்லாக் கேக்கலாம்னா, அவளுக்குக் கேக்காது. நான் என்ன செய்ய?"

"பேப்பர்ல எழுதிக் கேளேன்."

"சண்டையை யாராவது எழுதிப் போடுவாங்களா? அது என்ன மனுவா?"

"ம்" என்றார் கணவர்.

இரண்டு நாள் ஹலோக்காவுக்குத் தூக்கமே சரியாக வரவில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் தொண்டையில் வரிசை கட்டி நின்றன. மூன்றாம் நாள் காலையில் மன்றச் செயலாளர் முன்னால் போய் நின்றார்.

"சைகை மொழி கத்துக்க வகுப்பு வேணும்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "ரொம்ப நல்ல எண்ணம். புதுசா வந்தவங்களோட பேசணும்னு ஆசையா?"

"சண்டை போடணும்னு ஆசை."

"எதுக்கா இருந்தாலும் சரி, பத்துப் பேர் சேந்தாத்தான் வகுப்பு. இல்லன்னா அறை கிடைக்காது."

பத்துப் பேரா? டெலிபோனில் ஆள் பிடிப்பது ஹலோக்காவுக்குச் சொல்லியா தர வேண்டும்? பிளம்பரிடம், விரல்களுக்குப் பயிற்சி கொடுத்தால் மூட்டுவலி குறையும் என்றார். ஓவிய வகுப்பு அக்காமார் இருவரிடம், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரோடு வம்பு பேசலாம் என்றார். மதியத்துக்குள் ஒன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். பத்தாவது ஆளுக்காக வீடு வீடாகக் கூப்பிட்டு ஓய்ந்து, கடைசியில் எதிரில் பத்திரிகைக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்தார்.

"ஏங்க, நீங்க வந்து சும்மா உக்காந்தாப் போதும். பேசவே வேண்டாம். பேசாம இருக்கிறதுக்குத்தான் அந்த வகுப்பே."

பத்திரிகை மெல்லக் கீழே இறங்கியது. "பேசவே வேண்டாமா?"

"வேண்டவே வேண்டாம்."

"வர்றேன்."

காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் பாடம் எடுக்க வந்தார். அவருக்குத் துணையாகத் தையலக்காவே பக்கத்தில் நின்றார். யாரோடு சண்டை போட வேண்டுமோ அவரிடமே பாடம் கேட்க வேண்டியதாயிற்று. ஹலோக்கா முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார். முதல் நாளே டீச்சர் அதற்கு வேட்டு வைத்தார். "பாதி மொழி கையில, பாதி முகத்துல. முகத்தைத் திருப்பிக்கிட்டா காதைப் பொத்திக்கிட்ட மாதிரி. அப்புறம், இந்த அறைக்குள்ள வாயால பேசக் கூடாது."

அந்த முதல் ஒரு மணி நேரம் ஹலோக்கா பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. வெளியே வந்ததும் படிக்கட்டிலேயே நின்று பதினைந்து நிமிஷம் மூச்சு விடாமல் பேசித் தீர்த்தார். ஆனால் அடுத்த வகுப்புக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்ததும் அவர்தான். கைக்குள் இத்தனை இருக்கிறதா என்று ஆச்சரியம் தாங்கவில்லை. பாத்திரம் கழுவும்போதும் விரல்கள் தாமாகவே எதையோ சொல்லிப் பார்த்தன. பிளம்பரின் தடித்த விரல்களோ ஒன்று சொல்லப் போனால் வேறொன்று சொல்லின. 'என் மகள் மருத்துவர்' என்று சொல்ல நினைத்து, 'என் மகள் வாளி' என்று ஒரு வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார் அவர்.

ஆறாம் வாரம் அந்த அதிசயம் நடந்தது. ஆளுக்கொரு சிறு சம்பவம் சொல்ல வேண்டும் என்றார் டீச்சர். ஹலோக்காவின் கணவர் எழுந்து போனார். எண் மாறி வந்த ஒரு அழைப்பை எடுத்து, முன்பின் தெரியாத ஆளோடு இருபது நிமிஷம் பேசி, அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பும் வாங்கிக்கொண்ட தன் மனைவியை அப்படியே நடித்துக் காட்டினார். புருவம் ஏறி இறங்கியது. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. கற்பனை ரிசீவர் ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாறியது. ஓவிய அக்காமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். தையலக்கா கண்களைத் துடைத்துக்கொண்டு 'இன்னொன்று, இன்னொன்று' என்று கேட்டார்.

வீடு திரும்பும் வழியில் ஹலோக்கா நடுத்தெருவில் நின்றுவிட்டார். "முப்பத்தெட்டு வருஷமா இதையெல்லாம் எங்க வச்சிருந்தீங்க?"

"சொல்றதுக்கு இடைவெளி கிடைக்கலயே" என்றார் கணவர்.

கோபப்படுவதா சிரிப்பதா என்று ஹலோக்காவுக்குத் தெரியவில்லை. இரண்டையும் ஒன்றாகச் செய்துகொண்டே நடந்தார்.

மூன்றாம் மாதம், சண்டைக்கு வேண்டிய சொற்கள் எல்லாம் கைவசம் வந்துவிட்டன. கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்துவிட்டு, மேசைப்பந்து அறையில் தையலக்காவை மடக்கினார். 'அன்றைக்கு. பந்து. விளிம்பில் பட்டது. எனக்குக் கேட்டது. நீ பொய் சொன்னாய். என்னைப் போ என்றாய்.'

தையலக்கா கண்களை அகல விரித்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். ஹலோக்காவுக்குப் புரிய வேண்டுமே என்று கைகள் நிதானமாக நகர்ந்தன.

'பட்டது. நானும் பார்த்தேன். பந்து வளைந்தது. புள்ளி உனக்கு, உனக்கு, உனக்கு என்று மூன்று தடவை சொன்னேன். நீ மட்டையைப் போட்டுவிட்டுப் போய்விட்டாய்.' உள்ளங்கையை விரித்து மறுபடி அதே தள்ளு. 'போ' இல்லை அது. 'உனக்கு.'

வாழ்க்கையில் முதல்முறையாக ஹலோக்காவுக்கு வாயும் வரவில்லை, கையும் வரவில்லை. கடைசியில் மன்னிப்புக் கேட்டுக் கையை அசைத்தார்.

வாசலில் நின்றிருந்த டீச்சர் பக்கென்று சிரித்துவிட்டார். "இப்ப நீங்க அவங்ககிட்ட சோப்பு கேட்டிருக்கீங்க."

தையலக்கா அவர் விரல்களைப் பிடித்துச் சரியாக மடக்கிக் கொடுத்தார். பிறகு பந்தை எடுத்து மேசையில் தட்டி, 'பத்துக்குப் பத்து, வா' என்றார். அன்று ஹலோக்கா தோற்றார். அப்படியொரு சந்தோஷத்தோடு அவர் எதிலும் ஜெயித்ததுகூட இல்லை.

அதற்குப் பிறகு அவர்கள் எதிரெதிர் நிற்கவில்லை, ஒரே பக்கம் நின்றார்கள். பக்கத்து ஊர் மன்றத்தோடு நடக்கும் வருடாந்தரப் போட்டிக்கு இரட்டையர் ஆட்டத்தில் பெயர் கொடுத்தார்கள். எதிர் அணியில் இரண்டு உடற்பயிற்சி டீச்சர்கள். ஓய்வு பெற்ற பிறகும் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றாதவர்கள். மூன்று வருஷமாக அவர்களை யாரும் அசைக்கவில்லை.

முதல் செட் ஆறுக்குப் பதினொன்று. தோல்வி. இடைவேளையில் தையலக்காவின் கைகள் பறந்தன. 'உயரமானவள் தோளை இறக்கினால் பந்து பின்னால் சுழலும். குட்டையானவளுக்கு இடது பக்கம் வராது.' எதிராளிகளின் கண் முன்னாலேயே திட்டம் முழுவதும் போடப்பட்டது. இரண்டாம் செட்டில் தையலக்கா ஒவ்வொரு முறையும் பந்தைப் போடுவதற்கு முன்னால் மேசைக்கு அடியில் விரலால் ஒரு வார்த்தை சொன்னார். அடுத்து என்ன வரும் என்று ஹலோக்காவுக்கு முன்கூட்டியே தெரிந்தது. பதினொன்றுக்கு ஒன்பது. ஜெயம்!

உயரமான டீச்சர் நடுவரிடம் போனார். "சார், அவங்க ஆட்டத்துக்கு நடுவுல கையால பேசிக்கிறாங்க!"

"நீங்க வாயால பேசிக்கிறீங்களேம்மா" என்றார் நடுவர்.

மூன்றாம் செட்டில் மூச்சு முட்டியது. ஒன்பதுக்குப் பத்து என்று பின்தங்கியிருந்தபோது பந்து எட்டுப் பத்து முறை வலையைத் தாண்டி, கடைசியில் ஹலோக்காவின் மட்டையில் பட்டுத் தொய்ந்து விழுந்தது. உடற்பயிற்சி டீச்சர்கள் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். விசில் பறந்தது.

"நில்லுங்க!" என்று ஹலோக்கா போட்ட சத்தத்தில் கூடமே அடங்கியது. "பந்து உடைஞ்சிருக்கு. நாலு அடிக்கு முன்னாலயே சத்தம் மாறிடுச்சு. எனக்குக் கேட்டுச்சு."

நடுவர் பந்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தினார். தலைமுடி அளவுக்கு ஒரு கீறல் வாயைத் திறந்தது. "இந்தப் புள்ளி செல்லாது. மறுபடி ஆடுங்க."

தையலக்காவுக்கு நடந்தது எதுவும் கேட்கவில்லை. ஹலோக்கா சுருக்கமாகக் கையால் சொன்னதும், அவர் நெஞ்சில் கை வைத்து ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு எழுந்ததே ஒரு வேகம்! பத்துக்குப் பத்து. பதினொன்றுக்குப் பத்து. மேசைக்கு அடியில் விரல் சொன்னது: 'குட்டையாகப் போடுகிறேன். பந்து உயரமாக வரும். அடி.' அப்படியே வந்தது. ஹலோக்கா அறுபத்தாறு வயசை மறந்து எம்பி அடித்தார். பந்து மேசையில் பட்டுச் சுவர்வரைக்கும் போனது. பன்னிரண்டுக்குப் பத்து!

கூட்டத்தில் அவர்கள் மன்றத்தார் யாரும் கை தட்டவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் படபடவென்று அசைத்தார்கள், தையலக்காவுக்குத் தெரிய வேண்டும் என்று. அதைப் பார்த்து எதிர் மன்றத்துக்காரர்களும் கை தூக்கினார்கள். விசில் டீச்சர்கள்கூடத் தூக்கினார்கள்.

மற்ற ஆட்டங்களில் சொதப்பியதால் கோப்பை என்னவோ பக்கத்து ஊருக்குத்தான் போனது. அதைப் பற்றி யாருக்குக் கவலை?

சாயங்காலம் பேருந்து ஊருக்குத் திரும்பியது. கொஞ்ச தூரம் போனதும் ஓட்டுநருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வரும்போது காது கிழியக் கத்திக்கொண்டு வந்த கூட்டத்திலிருந்து இப்போது ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

"என்னாச்சு, எல்லாரும் தூங்கிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே மேல்கண்ணாடியைப் பார்த்தார்.

ஒருத்தரும் தூங்கவில்லை. வண்டி முழுக்கக் கைகள் பறந்துகொண்டிருந்தன. பின்வரிசைக்கு முன்னால் ஹலோக்காவின் கணவர் ஒரு கம்பியில் முதுகைச் சாய்த்து நின்று ஏதோ பெரிய கதை சொல்லிக்கொண்டிருந்தார். பிளம்பர் இருக்கையில் உருண்டுகொண்டிருந்தார். தையலக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்.

முன்வரிசையில் இருந்த ஹலோக்கா சட்டென்று திரும்பினார். கதையின் கடைசி வரி மட்டும்தான் கிடைத்தது. அதில் தன்னைக் குறிக்கும் சைகை இரண்டு முறை வந்ததைக் கவனித்துவிட்டார். இருக்கையில் முழங்காலை ஊன்றி எழுந்து நின்று, எல்லோருக்கும் தெரியும்படி இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

'முதலிலிருந்து சொல்லுங்கள்.'