போடாமல் விட்ட இரண்டு துளைகள்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை, பொறுக்கிக்கொண்டு வந்தேன். ஸ்கூட்டரில் பிரேக் ஒயர் அறுந்துபோய் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மூன்று மணி நேரம் காத்திருந்தபோது, மெக்கானிக் தன் சகலையின் வண்டியைப் பற்றிச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

"அந்தி மயங்கும் வேளையில் அந்தக் கருநிற இயந்திரம் காயம்பட்ட குதிரையைப் போல—"

அடித்துவிட்டேன். வண்டி வந்தது பகல் பதினோரு மணிக்கு. குதிரையைப் போலவும் வரவில்லை. துருப்பிடித்த கேட்டைப் போலக் கத்திக்கொண்டு வந்தது.

"மனிதனுக்கும் அவன் வாகனத்துக்கும் இடையிலான உறவு என்பது—"

இதையும் அடித்தேன். இப்படி ஆரம்பிக்கிற எதையும் நானே படிப்பதில்லை. நீங்கள் ஏன் படிக்க வேண்டும்?

நேராகச் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்குக்கு ஒரு சகலை உண்டு. (சகலை என்ற உறவை விளக்க வேண்டியதில்லை. ஒரே மாமனாரிடம் மாட்டிக்கொண்ட இரண்டு பேர்.) மெக்கானிக் கட்டியது அக்காவை, சகலை கட்டியது தங்கையை. சகலை இன்ஷூரன்ஸ் ஆபீசில் மேனேஜர். எதைப் பேசினாலும் முன்னால் ஒருமுறை கனைத்துக்கொள்வார், சபை கூடியிருப்பதைப்போல. மெக்கானிக்குக்கு அந்தக் கனைப்பு ஆகாது. பொதுவாகவே அவருக்கு மனிதர்கள் ஆகாது. வண்டியோடு வருகிறவர்கள் எல்லோரும் வண்டியைக் கெடுக்கப் பிறந்தவர்கள் என்பது அவருடைய தீர்மானம்.

2

சகலை பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கியிருந்தார். சாதாரண வண்டிகளில் முன்பக்க ஸ்பிரிங் குழாய்க்குள் எண்ணெயில் ஒளிந்திருக்கும். இதில் வெட்கமில்லாமல் ஹெட்லைட்டுக்கு மேலே வெளியே தெரிந்துகொண்டு நிற்கும். முன்சக்கரத்தின் இருபுறமும் இரண்டிரண்டு கால்கள். ஒன்று அசையாது, மற்றது ஸ்பிரிங்கோடு ஏறி இறங்கும். கீழே இரண்டையும் ஒரு குட்டைக் கை இணைக்கிறது. ராக்கர் என்பார்கள். அதன் மூட்டுகளுக்கு கிரீஸ் வைக்காவிட்டால் வண்டி தெருவுக்கே கேட்கிறமாதிரி கத்தும்.

அதைச் சகலை ஓட்டி வரவில்லை. வேர்த்து விறுவிறுத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"பெட்ரோல் தீந்துபோச்சு சகலை."

மெக்கானிக் வண்டியை ஒரு ஆட்டு ஆட்டினார். டேங்க்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் தளும்பியது. பெட்ரோல் இருக்கிறதா இல்லையா என்றுகூடப் பார்க்கத் தெரியாத ஜென்மம் என்று நினைத்துக்கொண்டார்.

"இதுக்கு கிரீஸ் வச்சு எத்தன நாளாச்சு?"

"கிரீஸ் வேற வைக்கணுமா?"

"வேணாம். இப்படியே கத்தட்டும். ஹாரன் மிச்சம்."

சகலை கனைத்துக்கொண்டார். "அத அப்புறம் பாக்கலாம். வண்டிய ரெண்டு இஞ்ச் எறக்கணும், முன்னாடியும் பின்னாடியும்."

"எதுக்கு?"

"சும்மா... ஒரு ஸ்டைலுக்கு."

"ஸ்டைலுக்கு!" மெக்கானிக் அந்த வார்த்தையை வெற்றிலைச் சாறு துப்புகிற மாதிரி துப்பினார். "இது நெனச்சா எறக்கிற வண்டி இல்ல சகலை. ஸ்பிரிங்க மாத்தணும். ராக்கர் சரியான கோணத்துல நிக்குதான்னு பாக்கணும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல எடம் விடணும். ஸ்டாண்ட வெட்டி ஒட்டணும். இத்தனையும் எதுக்கு, நீங்க உக்காந்து போட்டோ புடிச்சுக்கவா? ஒரு முக்காலி வாங்கி உக்காருங்க. அது இன்னும் தாழ்வா இருக்கும்."

சகலையின் முகம் சிறுத்துப்போனது. சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, எங்கேயோ பார்த்தபடி சொன்னார்: "உங்களால முடியாதுன்னா சொல்லிடுங்க. வேற ஆளப் பாத்துக்கறேன்."

தொழிலுக்கு வந்த இருபத்திரண்டு வருஷத்தில் மெக்கானிக்கிடம் யாரும் சொல்லாத வாக்கியம் அது.

3

ஒன்றரை நாள் வேலை. (இந்த இடத்தை மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். நட்டு, போல்ட்டு எல்லாம் வரிசையாக வரும். எனக்கு விஷயம் தெரியும் என்று காட்டிக்கொள்வதைத் தவிர அதற்கு வேறு நோக்கமில்லை என்பதால் கிழித்தேன்.)

முன்பக்கத்தை முழுசாகக் கழற்றினார். ராக்கரின் மூட்டுகளில் புஷ் என்கிற உலோக வளையம் தேய்ந்து முட்டை வடிவம் ஆகியிருந்தது, மாற்றினார். புது கிரீஸ் ஓரத்தில் பிதுங்கி வரும்வரை அடித்து, துணியால் துடைத்தார். முன்னால் குட்டை ஸ்பிரிங், பின்னால் குட்டை ஷாக் அப்சார்பர். ஸ்டாண்டை வெட்டி வெல்டு வைத்தார். திட்டிக்கொண்டே செய்தார், ஆனால் ஒரு நட்டுகூடச் சோடை போகவில்லை.

கடைசியில் மட்கார்டு வந்தது. அது அசையாத காலில் மாட்டியிருந்தது. பள்ளத்தில் சக்கரம் மேலே எழும்பும், மட்கார்டு நின்ற இடத்திலேயே நிற்கும். வண்டியை இறக்கியபிறகு இரண்டுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைகிற இடம்தான் மிச்சம். மட்கார்டைத் தூக்கி மாட்ட வேண்டும். அதற்கு மட்கார்டைத் தாங்கும் பட்டையில் இரண்டு புதுத் துளை போட வேண்டும். பத்து நிமிஷ வேலை. டிரில் கையில்தான் இருந்தது.

போடவில்லை.

"பள்ளத்துல எறக்கினா டயரு உரசும். சர்ருன்னு சத்தம் வரும். டீக்கடை வாசல்ல நாலு பேரு திரும்பிப் பாப்பான். அப்பத் தெரியும் ஸ்டைலுன்னா என்னன்னு." இப்படி நினைத்ததாக என்னிடம் அவரே சொன்னார். சகலை தெருமுனையைத் தாண்டி ஓட்டமாட்டார், அதுவும் நடக்கிற வேகம்தான் என்பது அவருடைய கணக்கு.

* ஒரு குறிப்பு. "ஒருவேளை மறந்திருப்பீங்க" என்று நான் ஒரு வழி விட்டுக் கொடுத்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மறக்கற ஆளா நானு? தெரிஞ்சேதான் விட்டேன்." செய்த பாவத்தைச் சொல்லும்போதும் ஞாபகசக்தியில் குறை சொல்லக்கூடாது அவருக்கு.

4

பத்திரிகை ஆசிரியர் இதுவரை படித்துவிட்டு, "ஆளு மேல பரிதாபமே வரலியே. ஒரு நோயாளி அம்மாவக் குடுங்களேன்" என்றார். கொடுக்கமாட்டேன். கெட்டவன் ஒவ்வொருவனுக்கும் ஒரு நோயாளி அம்மாவை வைத்தால் ஊரில் ஆஸ்பத்திரி போதாது. இந்த ஆளை எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் கையில் இருந்த டிரில், என் கையில் எத்தனையோ முறை பேனாவாக இருந்திருக்கிறது. எத்தனை மதிப்புரை, எத்தனை சின்னப் பழி— சரி, அதை விடுங்கள்.

5

சகலை வந்து, நன்றி சொல்லி, அப்போதும் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார். மறுநாள் காலை மெக்கானிக் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரி போனில் யாருடனோ சிரித்துப் பேசிவிட்டு வந்தாள்.

"தங்கச்சிதாங்க. எங்கயோ ஆஸ்பத்திரியில லிஃப்ட் நின்னுபோச்சாம். எழுபது கிலோமீட்டராம். கெளம்பிட்டா."

மச்சினி லிஃப்ட் பழுது பார்க்கிறவள். ஐந்தடிக்கு ஒரு இஞ்ச் குறைவு.

"பஸ்ஸுலயா?"

"வண்டியிலதான். நீங்க எறக்கிக் குடுத்தீங்களே, அதுல. கால் நல்லா எட்டுதாம். மாமாவுக்கு தேங்ஸ் சொல்லுன்னா."

"அது அவன் வண்டில்ல?"

"அவரு எங்க ஓட்டறாரு? ஆபீஸ் வாசல்ல ரெண்டு தடவ கீழ போட்டதோட சரி. ஆறு மாசமா அவதான் ஓட்டறா. உங்ககிட்ட சொல்லவேணாம்னு அவருதான் சொன்னாராம். நீங்க சிரிப்பீங்களாம்."

காப்பி டம்ளரை எங்கே வைத்தார் என்று அவருக்கு ஞாபகமில்லை. (பார்த்தீர்களா, மறக்கவும் தெரிந்திருக்கிறது.) மச்சினிக்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஓட்டுகிறவள் எப்படி எடுப்பாள்?

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?" என்றாள் வீட்டுக்காரி. அவர் அதற்குள் படியிறங்கியிருந்தார்.

6

சர்வீசுக்கு வந்திருந்த யாருடைய வண்டியையோ எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டில் விரட்டினார். ஒவ்வொரு வேகத்தடையையும் தன் வயிற்றில் வாங்கிக்கொண்டு போனார்.

இங்கே நான் முதலில் எழுதியது: "தூரத்தில் ஒரு கூட்டம். நடுவே ஒற்றைச் செருப்பு—"

ஆசிரியருக்கு மிகவும் பிடித்திருந்தது. எனக்குக் குமட்டியது. ஒரு ஆம்பளை திருந்துவதற்காக ஒரு பெண்ணைச் சாகடிக்கிற கதைகளை எண்ணினால் ஒரு நூலகம் தேறும். அந்த ஒற்றைச் செருப்பை எழுதிய அத்தனை பேரும் வரிசையில் நின்று அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகட்டும்.

நடந்தது வேறு. முப்பதாவது கிலோமீட்டரில் சாலையின் குறுக்கே ஒரு தாழ்வு. அதைத் தாண்டியதும் தாரில் கறுப்பாக ஒரு கோடு, கோணலாக ஓடி, சாலையின் ஓரத்தில் போய் நின்றது. அங்கே வண்டி ஸ்டாண்டில் நின்றது. மச்சினி மைல்கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் கழற்றிய மட்கார்டு. பக்கத்தில் அவளுடைய லிஃப்ட் வேலை ஸ்பேனர்கள் வரிசையாக.

"வாங்க மாமா," என்றாள். "உங்க கைவண்ணத்தப் பாருங்க."

மட்கார்டின் உட்புறம் பெயின்ட் வெந்து, தகடு தெரிந்தது. பள்ளத்தில் சக்கரம் எழும்பி மட்கார்டில் இடிக்க, அது ஒரு கணம் சக்கரத்தை இறுக்கிப் பிடித்து விட்டிருக்கிறது. அந்த ஒரு கணத்தை அவள் எப்படித் தாங்கினாளோ. பேச்சு கிண்டலாக இருந்தது. ஆனால் தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியவில்லை. அவர் வாங்கித் திறந்து கொடுத்தார்.

"அடி பட்டுச்சாம்மா?"

"முட்டி கொஞ்சம். பின்னாடி லாரி இல்ல. இருந்திருந்தா அக்காகிட்ட நீங்க வேற மாதிரி பேசிட்டிருப்பீங்க." குடித்துவிட்டுத் துடைத்துக்கொண்டாள். "ராக்கர்லாம் அருமையா பண்ணியிருக்கீங்க. கிரீஸ் கச்சிதம். ஸ்பிரிங் கச்சிதம். ரெண்டே ரெண்டு ஓட்டைய மட்டும் காணோம். இத்தனயும் பாத்த ஆளு அத எப்படிப் பாக்காம விட்டீங்க?"

அவர் குனிந்து அவளுடைய ஸ்பேனர் ஒன்றை எடுத்துத் துடைத்தார்.

"தெரியாம விட்டீங்களா, தெரிஞ்சு விட்டீங்களா மாமா?"

7

இந்தக் கேள்வியோடு கதையை முடித்துவிடலாம் என்று பார்த்தேன். நாசூக்காக இருக்கும், நாலு பேர் பாராட்டுவார்கள். ஆனால் அவர் பதில் சொல்லிவிட்டாரே, என்ன செய்ய?

"தெரியாமத்தான்மா. வயசாகுதுல்ல."

 மச்சினி மட்கார்டைக் கயிறு போட்டுப் பின்னால் கட்டினாள், ஆஸ்பத்திரிக்குப் போய் லிஃப்டை ஓடவைத்தாள், சாயங்காலம் அதே வண்டியில் வீடு திரும்பினாள். மெக்கானிக் அன்றைக்கே இரண்டு துளையையும் போட்டு, மட்கார்டை நிமிர்த்தி மாட்டிக் கொடுத்தார்.

அவள் அவர் சொன்னதை நம்பிவிட்டாள். வந்தது வினை. "மாமாவுக்குப் பார்வை மங்கிடுச்சுக்கா, கண்ணாடி வாங்கிக் குடு" என்றாள். வீட்டுக்காரி அவரைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ஒன்றுமில்லை என்றார், யாரும் டாக்டரை நம்பவில்லை. இப்போது மச்சினி வண்டியை வெளியே கொடுத்துச் சர்வீஸ் பண்ணுகிறாள். போன வாரம் சகலை ஒர்க்‌ஷாப்புக்கே வந்து, முக்காலியில் உட்கார்ந்து, கனைத்துக்கொண்டு, "உடம்பப் பாத்துக்கங்க சகலை. கஷ்டமான வேலையெல்லாம் இனிமே எதுக்கு?" என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இவர் அதையும் கேட்டுக்கொண்டு தலையாட்டியிருக்கிறார்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "அவ உங்க பத்திரிகைய விடாம படிப்பா. நீங்க எழுதினா படிச்சுக்குவா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. சொந்த மச்சினியிடம் சொல்ல வாயில்லாதவர், என்னைத் தபால்காரனாக்கப் பார்க்கிறார்.

"எதுக்கு எழுதணும்? அவங்ககிட்ட மன்னிப்பு கேக்கவா? இல்ல, உங்க கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு ஊருக்குச் சொல்லவா?"

 அவர் திரும்பி நின்று ஒரு ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தார். அது எதிரேயே இருந்தது.

8

மற்ற வாசகர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மீதி ஒருவருக்கு மட்டும்.

அம்மணி, அவர் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். தெரிந்துதான் விட்டார். உங்களுக்கு என்று நினைத்து விடவில்லை. அதனால் குற்றம் குறைகிறதா, கூடுகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் மனம் வெந்து சொன்னாரா, மானம் போனதே என்று சொன்னாரா என்றும் தெரியவில்லை. எனக்காக ஒரு முடிவை எழுதிப் பார்த்தேன், அதில் நீங்கள் மன்னிக்கிறீர்கள். இன்னொன்றில் காறித் துப்புகிறீர்கள். இரண்டிலும் நீங்கள் இல்லை, நான்தான் இருக்கிறேன். இரண்டையும் கிழித்துவிட்டேன்.

வண்டி உங்களுடையது. மாமாவும் உங்களுடையவர். ஒர்க்‌ஷாப்பைக் காலை ஒன்பது மணிக்குத் திறக்கிறார்.