விரதம் என்று சொன்னது

பாட்டை மட்டும் நிறுத்திவிடாதே, பவித்ரா. உனக்குப் புண்ணியமாகப் போகட்டும். இன்னும் சத்தமாக வை, காது கிழிந்தாலும் பரவாயில்லை, நிறுத்தி மட்டும் விடாதே.

வாய்விட்டுச் சொல்லக்கூடியதாக இருந்தால் குமுதா சொல்லியிருப்பாள். வேனை ஓட்டிக்கொண்டிருந்த நாத்தனார் மகன் பவித்ரன் சொன்னால் கேட்கிற பிள்ளைதான். ஆனால் ஏன் அத்தை என்று திரும்பிப் பார்த்துக் கேட்பான். அந்த ஏனுக்குப் பதில் அவளுடைய இடது வயிற்றில் ஒட்டியிருந்தது. ஈப்போவில் ஏறும்போது தட்டையாக இருந்த பை, காம்பாரைத் தாண்டுவதற்குள் லேசாக உப்பத் தொடங்கியிருந்தது. இரண்டு அளவு பெரிதாக வாங்கிய பஞ்சாபி சூட்டின் மேல் கைப்பையை வைத்து, அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் குடலில் கட்டி என்று அறுத்து, வயிற்றில் ஒரு வாய் திறந்து பையை மாட்டி அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் அந்த வாய்க்கு ஒரு பெயர் சொன்னார்கள். குமுதாவுக்கு அது எப்போதும் 'அது'தான். அது சொல்லாமல் கொள்ளாமல் சத்தம் போடும். அடக்க முடியாது. வாயைப் பொத்தலாம், மூக்கைப் பிடிக்கலாம், அதை ஒன்றும் செய்ய முடியாது.

பயணம் போவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி ரஸ்னா உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தாள். மாற்றுப் பையை அளவாக வெட்டிக் கையோடு வைத்துக்கொள்வது, சீட் பெல்ட்டுக்கு அடியில் சின்னத் துண்டை மடித்து வைப்பது, பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிடுவது. எல்லாம் குமுதாவுக்கு மனப்பாடம். "பட்டினி மட்டும் கெடக்காதீங்க அக்கா. வெறும் வயித்துல காத்துதான் சேரும். கொஞ்சமா, நேரத்துக்குச் சாப்பிட்டா எங்க வேணா போலாம் லா" என்றாள் மிஸ்ஸி. தன்னிடம் வரும் ஒரு பெண் லூமுட்டில் பெர்ரி ஏறிப் பங்கோர் தீவுக்குப் போய்க் கடலில் குளித்துவிட்டு வந்த கதையையும் சொன்னாள். அந்தப் பெண் யாரோடு போனாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

குமுதா நேற்று மத்தியானத்திலிருந்து சாப்பிடவில்லை. உள்ளே ஒன்றும் போகாவிட்டால் வெளியே ஒன்றும் வராது என்று தெரிந்தே தப்புக் கணக்குப் போட்டாள். பயம் மிஸ்ஸியின் பேச்சைக் கேட்பதில்லை.

பீடோரில் காலைச் சாப்பாட்டுக்கு இறங்கினார்கள். நாத்தனார் கலாதேவி எல்லாருக்கும் தோசை சொல்லிவிட்டு, குமுதாவுக்கு மட்டும் ஏன் வெறும் மேசை என்று கேட்டாள். கேஸ்ட்ரிக் என்று சொல்வதாகத்தான் வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். ஆனால் கேஸ்ட்ரிக் என்றால் கஞ்சி வரும், மோர் வரும், ஊரிலிருக்கும் வைத்தியமெல்லாம் வரும்.

"வெரதம் அண்ணி" என்று வாயில் வந்துவிட்டது.

கணவன் அர்ச்சுனன் தோசையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான். கலாதேவியின் குரல் அந்த நிமிடமே மாறியது. ஆபரேசன் பண்ணின உடம்போடு அம்மனுக்காகப் பட்டினி கிடக்கிறாள், நீங்களும் இருக்கிறீர்களே என்று பக்கத்து மேசைவரைக்கும் கேட்கச் சொன்னாள். குமுதா கழிவறைக்குப் போனபோது, தாழ்ப்பாள் சரியில்லை என்று கதவை வெளியிலிருந்து பிடித்துக்கொண்டு நின்றவளும் அவளேதான். பையின் வாயைத் திறந்து காற்றை விட ஒரு நிமிடம் போதும். ஆனால் வாடை கதவிடுக்கு வழியே போகும். குமுதா தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டு, பையைத் திறக்காமலே வெளியே வந்தாள்.

என்ன ஆபரேசன் என்பதையும் அர்ச்சுனன்தான் சொந்தக்காரர்களுக்குச் சொல்லியிருந்தான். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்று. அவளைக் கேட்டுச் சொல்லவில்லை. கெட்டவன் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பதினோரு நாள் தரையில் படுத்துக் கிடந்தவன். ஆனால் வீட்டில் அவள் பை மாற்ற எழுந்தால், மோட்டார் சைக்கிளைக் கழுவப் போய்விடுவான். அவன் மோட்டார் இத்தனை வருடத்தில் இவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை.

ஹுத்தான் மெலிந்தாங் பாதையிலிருந்து பிரிந்து, செம்பனைத் தோட்டத்துக்குள் வேன் நுழைந்தது. பழைய பால்மரத் தோட்டமும் இப்போது இல்லை, தொழிலாளர் லயங்களும் இல்லை, அம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்து கூடுவார்கள். உறுமி மேளம் தூரத்திலேயே கேட்டது. குமுதாவுக்கு மூச்சு வந்தது. இந்தச் சத்தத்துக்குள் எது வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளலாம்.

அந்த நிம்மதி செருப்பைக் கழற்றும்வரைதான் இருந்தது. முதல் பால்குடம் எடுக்க வேண்டிய, கலாதேவி வீட்டுச் சரளா அன்று காலைதான் தூரமாகிவிட்டாளாம். முதல் குடம் கலாதேவி குடும்பத்து வழக்கம். கலாதேவிக்கோ முழங்கால் முடியாது. கோயில் தலைவர் பத்துமலை கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கலாதேவி திரும்பி குமுதாவைப் பார்த்தாள்.

"நம்ம குமுதா இருக்காளே அண்ணே. வெரதம் வேற. கர்ப்பப்பையும் எடுத்தாச்சு, தூரத் தொல்லையும் இல்ல. அம்மனே பாத்து அனுப்பி வச்ச மாதிரி."

அர்ச்சுனன் சொன்ன பொய்யும் அவள் சொன்ன பொய்யும் இப்படிக் கைகோத்துக்கொண்டு வந்து நிற்கும் என்று யார் கண்டது? பத்துமலை முகம் மலர்ந்து கையைத் தூக்கினார். உறுமி நின்றது.

அந்த அமைதியில் அது சத்தம் போட்டது. நாற்காலியை இழுத்த மாதிரி நீளமாக, பிறகு குட்டியாக இன்னொன்று.

எட்டு மாதமாகக் கனவிலும் பயந்த நிமிடம். குமுதா கண்ணை மூடிக்கொண்டாள்.

"கேட்டீங்களா" என்றாள் கலாதேவி, குரல் தழுதழுக்க. "பசியில வயிறு எப்படிக் கத்துது பாருங்க. பச்சத் தண்ணி பல்லுல படல, பாவம்."

யாரோ ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். குமுதா கண்ணைத் திறந்தபோது, எல்லா முகமும் சாமியைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் கேட்டுவிட்டது. இருந்தும் ஒருத்தருக்கும் கேட்கவில்லை. இதற்குச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை.

கலாதேவி மஞ்சள் துணியை உதறி அவள் இடுப்புக்குக் கொண்டுவந்தாள். இறுக்கிக் கட்டினால்தான் குடம் நிற்கும் என்றாள். துணி சுற்றப்போகும் இடத்தில் பை அப்பளம்போல் உப்பியிருந்தது. குமுதா அர்ச்சுனனைத் தேடினாள். பக்கத்தில் வந்து நின்றான்.

"கட்டிக்கோ லா. பத்து நிமிசம்தான், ஒண்ணும் ஆவாது" என்றான் தாழ்ந்த குரலில். அவள் தோளைப் பார்த்துச் சொன்னான். அதற்குக் கீழே அவன் கண் இறங்கவில்லை.

பை பிய்ந்துவிடும் என்ற பயம் இருந்தது. ஆனால் அவளைப் பிடித்து நிறுத்தியது அதுமட்டும் இல்லை. அம்மனுக்கென்று கிடந்த பசியாக இருந்திருந்தால், உடைந்தாலும் உடையட்டும் என்று குடத்தைத் தூக்கியிருப்பாள். இது பைக்காகக் கிடந்த பசி. இவர்களுக்குப் பயந்து கிடந்த பசி. அதன் தலையில் எப்படிப் பால்குடத்தை வைப்பது?

கலாதேவியின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேணாம் அண்ணி. நான் எடுக்கல."

ஏன் என்று கேட்டாள் கலாதேவி. பத்துமலையும் கேட்டார். அர்ச்சுனன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குமுதா மஞ்சள் துணியை வாங்கி, நாலாக மடித்து, நாத்தனாரின் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"எடுக்கல அண்ணி" என்றாள் மறுபடியும், வேறு யாருக்கும் கேட்காத குரலில்.