மூன்று வரைபடங்களும் ஒரு இரும்புக் கதவும்

அன்று சுரங்க வாசலில் இருந்தவர்கள்: அளக்க வந்த இசைவாணி, புதிய படத்தில் கையெழுத்துப் போட வேண்டிய பொறியாளர் அன்பரசு, சாவி வைத்திருந்த காவலாளி ராமாமிர்தம், கூப்பிடாமலே வந்த ஆரோக்கியம்மாள்.

கடலூர் முதுநகரில் ஒரு பாழடைந்த கிடங்கு. அதன் அடியில் செங்கல் சுரங்கம். யார், எதற்குக் கட்டினார்கள் என்று தெரியாது. தெரியாததால் ஆளுக்கொரு கதை. இதுவரை மூன்று பேர் அளந்து வரைந்திருந்தார்கள்: துறைமுகத்து வெள்ளைக்காரன் ஒருவன், பல காலம் கழித்து ஒரு பேராசிரியர், கடைசியாக ஒரு ஒப்பந்தக்காரர். மூன்று படத்திலும் சுரங்கம் ஆரோக்கியம்மாள் வீட்டுக்கு அடியில் போனது. அதனால் மாடி கட்ட அவளுக்கு அனுமதி இல்லை. கல்யாணமான மகன் மனைவியோடு கூடத்தில் படுக்கிறான்.

“இது சிதம்பரம் கோயில் வரைக்கும் போவுது யம்மா,” என்றார் ராமாமிர்தம், கதவை உள்ளே தள்ளிச் சுவரோடு கொக்கியில் மாட்டியபடி.

“நான் சிதம்பரத்துலேர்ந்துதான் வரேன். பஸ்லதான் வந்தேன். இப்பிடி ஒரு வழி இருக்குன்னு யாரும் சொல்லல,” என்றாள் இசைவாணி.

“சொன்னா கண்டக்டருக்குப் பொழப்பு என்னாவறது?” என்றாள் ஆரோக்கியம்மாள்.

ஒருவர் படத்தை மற்றவர் காப்பியடித்திருப்பார் என்றுதான் இசைவாணி நினைத்திருந்தாள். ஆனால் நீளங்கள் மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் மாறியிருந்தன. ஆக, மூவரும் இறங்கி அளந்தவர்கள்தான். நீளம் மாறியும் திசை மட்டும் மூன்றிலும் ஒன்றாகவே இருந்ததுதான் அவளை உறுத்தியது.

மூவரும் தொடங்கிய இடத்திலேயே, வாசலுக்கு உள்ளே சுவரில் அடித்த பித்தளை ஆணியருகே, திசைகாட்டியை வைத்து முதல் திருப்பத்தைப் பார்த்தாள். திருப்பத்துக்கு நடந்துபோய் ஆணியைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே கோடு. போகிற திசைக்கு வருகிற திசை நேர் எதிராக இருக்க வேண்டும். இல்லை.

“முடிஞ்சுதா மேடம்?” என்றார் அன்பரசு.

“ரெண்டு முனையும் வேற வேற சொல்லுது சார். ஒண்ணு பொய்.”

ஆணியருகே திரும்பி வந்தாள். கைக்கடிகாரத்தையும் போனையும் கழற்றி வெளியே கொடுத்தாள். திசைகாட்டி முள் அசையவில்லை. அப்போதுதான் பக்கத்தில் பார்த்தாள். கொக்கியில் மாட்டியிருந்த இரும்புக் கதவின் விளிம்பு, ஆணிக்கு ஒரு சாண் தூரத்தில்.

“கொக்கிய எடுங்க. மெதுவா மூடுங்க.”

கதவு நகர்ந்தது. முள்ளும் நகர்ந்தது. ராமாமிர்தம் கையை விட்டதும் கதவு தானாகத் திறந்து சுவருக்கு வந்தது. முள்ளும் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

ஆரோக்கியம்மாள் குனிந்து பார்த்தாள். “இதுக்கா நாங்க கூடத்துல படுத்திருக்கோம்?”

“மூணு பேரும் தப்பு, நீங்க மட்டும் சரியா?” என்றார் அன்பரசு.

“மூணு பேருக்கும் இதே கதவுதான சார். கதவ மூடுனா சுரங்கம் தெருவுக்கு அடியில போவுது.”

அன்பரசு தாடையைச் சொறிந்தார். “மூடி வெச்சு முழுசா அளந்து குடுங்க. கையெழுத்துப் போடறேன்.”

“பூட்டுனாத்தான் மூடி நிக்கும்,” என்றார் ராமாமிர்தம். “உள்பக்கம் தாழ்ப்பா கெடையாது.”

“அந்தக் கோடியில வெளக்கு புடிக்க ஒரு ஆள் வேணும் சார்.”

“எனக்கு ஆஸ்துமா ஜாஸ்தி.”

ஆரோக்கியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “வெளக்க எங்கிட்ட குடு பாப்பா. யோவ், தட்டுனா தொறக்கணும். டீ குடிக்கப் போயிடாத.”

“போவ மாட்டேன், போ.”

இரண்டு பேரும் உள்ளே இறங்கினார்கள். ராமாமிர்தம் கதவை இழுத்து மூடி, பூட்டி, ஒருமுறை பிடித்து ஆட்டிப் பார்த்தார்.