சுத்தமா, அழுக்கா

...இல்லை, பாட்டு இன்னும் தொடங்கவில்லை, ஆனாலும் அந்தச் சீறல் வந்துவிட்டது, ஹெட்போனை மாட்டியதுமே, அடுப்பில் மறந்துபோன எண்ணெய்ச் சட்டி மாதிரி, வலது பக்கம் கொஞ்சம் தூக்கலாக... பாவம் சியூ லான், இந்த சவுண்ட் கார்டைச் செய்து முடிக்க ஜூரோங் தொழிற்பேட்டையிலேயே குடியிருந்தாள், இதுதானா கடைசியில், பூன் ஹின்னுக்குச் சிரிப்பு வந்தது, சுவரைப் பார்த்து உட்காருவதில் இது ஒரு வசதி, சிரிப்பதை யாரும் பார்க்க முடியாது. கண் பார்த்தால் காது ஏமாறும் என்று அவன்தான் இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தான், முதுகுக்குப் பின்னால் கம்ப்யூட்டர், அதற்குள் சவுண்ட் கார்டு, பக்கத்தில் அதைச் செய்தவர், ஏர்கான்கூட ஓடக் கூடாது, முடிவில் அவன் வாயிலிருந்து ஒரே சொல். சுத்தம் என்றால் கார்டு தொழிற்சாலைக்குப் போகும். அழுக்கு என்றால் செய்தவர் வீட்டுக்குப் போவார். முதலாளி, தவுக்கே ஹோ, எந்த மீட்டரையும் நம்புவதில்லை, "என் தங்கக் காது சொன்னாப் போதும் லா" என்று வந்தவர்கள் முன்னால் அவன் தோளில் தட்டுவார், அந்தத் தட்டலுக்காக என்னதான் செய்யமாட்டான்...

அழுக்கு என்று வீட்டுக்கு அனுப்பிய ரோஸ்லியின் கார்டிலும் இதே சீறல்தான், இதே வலது பக்கம். "மீட்டர்ல ஒண்ணுமே காட்டலண்ணே, பாருங்கண்ணே" என்று ரோஸ்லி தாளை நீட்டினான், "அப்ப மீட்டருக்கே பாட்டுப் போட்டுக் காட்டு, அது காசு குடுத்து வாங்கும்" என்றான் இவன், அறையே சிரித்தது, சியூ லான் சிரித்தாளா? சிரித்த மாதிரிதான்... இல்லை, அவள் ரோஸ்லியோடு படியிறங்கிப் போனாள். இப்போது அவன் சிம் லிம் கடைத்தொகுதியில் பிரிண்டருக்கு மை நிரப்புகிறான், இவனைக் கண்டதும் கறுத்த விரல்களைச் சட்டைக்குப் பின்னால் ஒளித்தான், அதை நினைத்தால் இப்போதும் நாக்கில் ஓர் இனிப்பு... ஆனால் ரோஸ்லியின் கார்டு வேறு, இவளுடையது வேறு, ஒரு பாகம்கூடப் பொது இல்லை, சீறல் மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும்? காதோரம் வியர்த்தது. துடைக்க ஹெட்போனின் வலது காதுக் குமிழைத் தூக்கினான். சீறல் குறையவில்லை. இடதையும் தூக்கினான். ஏர்கானா? அதை இவனே அல்லவா அணைக்கச் சொன்னான்...

ஓ.

சரி, சுத்தம் என்று சொல்லிவிடலாம், சொன்னால்? நாளை இன்னொரு கார்டு வரும், அதிலும் இது சீறும், அதற்கடுத்ததிலும், எது கார்டின் சீறல், எது தன் காதின் சீறல் என்று எப்படிப் பிரிப்பான், தப்பு தெரிந்த நாளில் தவுக்கே யார் தோளில் தட்டுவார், தன் விரல்களிலும் மை... அவள் இளையவள், கெட்டிக்காரி, எங்கேயாவது பிழைத்துக்கொள்வாள், இவனுக்கு இந்தச் சுவரை விட்டால் என்ன இருக்கிறது? குமிழ்களை மறுபடி காதில் பொருத்திக்கொண்டான். "அழுக்கு" என்றான், குரல் நடுங்காததில் அவனுக்கே வியப்பு. "வலது பக்கம் சீறுது. மீன் பொரிக்கிற மாதிரி."

பின்னாலிருந்து சியூ லானின் தைலம் பூசிய கழுத்தின் வாசம் நெருங்கி வந்தது, அவள் ஒரு குமிழைச் சற்று விலக்கினாள், அவன் தோளுக்கு மேலாக ஹெட்போன் ஒயரின் முனை எட்டிப்பார்த்தது, அவள் விரல்களில், எதிலும் சொருகாமல்.

"ஹின் அண்ணே, இன்னும் மாட்டவே இல்லயே."

"என்ன சொன்னான்?" வாசலில் போனோடு நின்ற தவுக்கே கத்தினார். "கேக்கல லா, சத்தமா சொல்லச் சொல்லு!"

"ஒண்ணும் சொல்லல பாஸ், இப்பதான் ஆரம்பிக்கிறோம்" என்றாள் அவள், போய் ஒயரைச் சொருகினாள், டக்கென்று ஒலித்தது, பியானோ விழத் தொடங்கியது, அதன் அடியில் அந்தச் சீறல் அப்படியே, அவள் மறுபடி குனிந்தாள். "இப்பக் கேட்டுச் சொல்லுங்கண்ணே. அவசரமே இல்ல."

இரக்கமா அது, எகத்தாளமா, ரோஸ்லிக்காக இத்தனை நாள் சேர்த்துவைத்ததா... எத்தனையோ கார்டுகளுக்கு ஒரே சொல்லில் தீர்ப்புச் சொன்ன காது, அவன் அதை எவ்வளவு கூராக்கியும், அந்தக் குரல் சுத்தமா அழுக்கா என்று மட்டும் பிடிபடவில்லை.