நசுங்கிய தூக்கு

திருப்புலிவனம் சாலை ஓரமாக நடவுக்குப் போய்க்கொண்டிருந்த மலர்க்கொடியை, பின்னால் வந்த வண்டி ஒன்று இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவள் கண்டது வானத்தை மட்டும்தான். வலது கால் முறிந்து கிடந்தது. கையிலிருந்த சோற்றுத் தூக்கு போன இடம் தெரியவில்லை. பால்காரர் ஒருவர்தான் 108-ஐக் கூப்பிட்டு ஏற்றிவிட்டார்.

உத்திரமேரூரில் இறக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் புருஷோத்தமன் நின்றிருந்தார். இருபது வருஷமாக அவள் நாற்று நடுவது அவர் நிலத்தில்தான். கூடப் பிறந்தவனே வந்ததுபோல அவளுக்கு அழுகை முட்டியது.

"டாக்டர் கேட்டா வண்டின்னு வாயத் தொறக்காத மலரு," என்றார் குனிந்து. "போலீஸ் கேஸுன்னா கையே வெக்க மாட்டாங்க. வரப்புல வழுக்கி வுழுந்தன்னு சொல்லு."

அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அப்படியே சொன்னாள். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் நர்ஸ் ஜெனிஃபர், முழங்கைப் புண்ணிலிருந்து ஒரு கருங்கல் துணுக்கை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இன்னாக்கா, உங்க ஊரு வரப்புல நெல்லு வெளையுதா, ஜல்லி வெளையுதா?"

மலர்க்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை. "வண்டின்னு சொன்னா வைத்தியம் பாக்க மாட்டீங்களாமே..."

"யாரு சொன்னது? வைத்தியம்தான் மொதல்ல. டாக்டர் எழுதி ஸ்டேஷனுக்கு அனுப்புவாரு. அவங்க இங்கியே வந்து உன்னக் கேட்டு எழுதிக்குவாங்க. வழுக்கி வுழுந்தன்னு கெடந்தா, இட்ச்சவன யாருக்கா தேடுவா?"

பாவம், அண்ணன் தெரியாமல் சொல்லியிருப்பார் என்று தேற்றிக்கொண்டாள். அந்த நினைப்பு அரை மணி நேரம்கூட நிலைக்கவில்லை.

புருஷோத்தமனின் மனைவி பரிமளா வந்தாள். சூது தெரியாதவள். கையில் ஒரு பக்கம் நசுங்கிய தூக்கு. மூடி இல்லை, தட்டு வைத்து மூடியிருந்தது. தூக்கின் வயிற்றில் 'மலர்க்கொடி' என்று வெட்டிய பேர், தேய்த்த தேய்ப்பில் பளபளத்தது.

"உன்னுதுதானே மலரு? வண்டி கழுவறப்ப பாத்தேன், நம்ம மினி லாரி முன்கம்பியில மாட்டிக்கினு இருந்திச்சி. வண்டி நிக்கிற களத்துல வுட்டுட்டியா? காலி ஏனத்தத் திருப்பிக் குடுக்கக் கூடாதே, அதான் நாலு இட்லி வெச்சாந்தேன்."

நேற்று பழைய சோறு போட்டு வீட்டிலிருந்து எடுத்து வந்த தூக்கு. களத்துக்கு அது போய்ச் சேரவே இல்லை.

"நேத்து காலையில வண்டிய யாரு அண்ணி ஓட்டனது?"

"உங்கண்ணன்தான். வேற யாருக்குச் சாவி தருவாரு?"

யாரும் சேதி சொல்லாமலே அவர் முதல் ஆளாக வந்து நின்றது இப்போதுதான் உறைத்தது. நிமிர்ந்தாள். அவரே வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். தூக்கைப் பார்த்ததும் ஒரு செருப்போடு அப்படியே நின்றுவிட்டார்.

"மலரு, அது வந்து..."

"நிறுத்தி ஒரு வாய் தண்ணி குடுத்திருந்தா, வழுக்கி வுழுந்தன்னு நானே சொல்லியிருப்பனே அண்ணா."

பரிமளா ஒன்றும் புரியாமல் இட்லியைத் தட்டில் எடுத்து வைத்தாள். மலர்க்கொடி காலித் தூக்கை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"ஜெனிஃபரு, டாக்டரக் கூப்புடும்மா. நான் வழுக்கி வுழல."